தூசுறிஞ்சிகளைத் தேடிச் சேர்ப்போர்

தபால் முத்திரை சேர்ப்போரையும் பழைய நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். விடுதியில் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்துத் தலையணையின் கீழ் வைத்து உறங்கிய நண்பர்களையும் பழைய மாணவர் பலர் மறந்திரார். ஆயினும், 'வக்கியூம் கிளீனர்' எனப்படும் தூசுறிஞ்சிகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உளர் என்று கூறின், ஈர்க்குமாறும் தும்புத்தடியும் கொண்டு வீடு கூட்டிப் பழகிய நம்மவர் நகைக்கவே செய்வர். நாமும் முதலில் நகைத்தோம். அவர்கள் எதைக் காக்கின்றனர் என்பதை அறிந்தபின் அந்நகை அடங்கிற்று. அதனை ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

இப்பொறியின் தத்துவம் எளிது. விசிறியொன்று சுழன்று காற்றை வெளியே தள்ள, உள்ளே அமுக்கம் குறைகின்றது; வெளிக்காற்று தூசியையும் வாரிக்கொண்டு உட்புகுகின்றது; துணிப்பை காற்றைப் போகவிட்டுத் தூசியைத் தடுத்து வைக்கின்றது. இவ்வளவே. ஆனால் இவ்வளவையும் கண்டுகொள்வதற்கு மனிதர் பட்டபாடு சிறிதன்று. 1869 ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மக்கபி என்பார் கையாற் சுழற்றும் பொறியொன்றுக்குப் பதிவுரிமை பெற்றார். ஒரு கையாற் சுழற்றிக்கொண்டே மறு கையால் தள்ளவேண்டியிருந்தமையால் அது பெரிதும் பரவவில்லை. 1901 இல் இலண்டன் பொறியியலாளர் ஹியூபேர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் கருவியொன்றைக் கண்டு, ஊதுவதை விடுத்து உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவுச்சாலை நாற்காலியொன்றின் மெத்தைமேற் கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சி, இருமித் திணறினார். கைக்குட்டையிற் படிந்த அழுக்கைக் கண்டு மகிழ்ந்தார். அவர் அமைத்த பொறி பெற்றோல் எந்திரத்தால் இயங்கியது. அதனைக் குதிரைகள் இழுத்துவந்து தெருவில் நிறுத்த, நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியே வீட்டினுட் சென்றன. 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்துக் கம்பளங்களைச் சுத்தஞ் செய்த பெருமையும் அதற்கு உண்டு.

வீட்டுக்குள் வைத்து ஒருவரே ஆளத்தக்க மின்சாரப் பொறியைச் செல்வரோ பேராசிரியரோ தரவில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரில், பெருங்கடையொன்றிற் கூட்டித் துடைக்கும் வேலை செய்துவந்தார் ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர். தொய்வு நோயால் வருந்திய அவருக்குக் கம்பளத் தூசி நஞ்சாயிருந்தது. மின்விசிறி மோட்டர் ஒன்று, விளக்குமாற்றுத் தடி ஒன்று, தூசியைப் பிடிக்கத் தலையணை உறை ஒன்று - இவற்றைக் கூட்டி 1907 இல் ஒரு பொறி சமைத்தார். 1908 ஜூன் 2 ஆந் திகதி பதிவுரிமை கிடைத்தது. ஆனாற் கையிற் பொருளில்லை. அயலூரிற் குதிரைச் சேணங்கள் செய்வித்துவந்த வில்லியம் ஹென்றி ஹூவர், மோட்டர் வண்டிகள் பெருகுவதைக் கண்டு தம் தொழிலின் எதிர்காலத்தை ஐயுற்றிருந்த வேளை அது. அவர் அவ்வுரிமையை வாங்கித் தம் தோற்பட்டறையின் ஒரு மூலையில் உற்பத்தியைத் தொடங்கினார். ஸ்பாங்லர் 1915 இல் இறந்தார். ஆங்கிலேயர் வீடு சுத்தஞ் செய்வதையே 'ஹூவர்' என்னும் வினையாற் குறிக்கத் தலைப்பட்டனர். கூட்டிப் பெருக்கிய மனிதனின் பெயரைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

இவ்விடத்திலேதான் சேகரிப்போரின் தொண்டு விளங்குகின்றது. அவர்கள் பொறியைக் கண்டவுடன் தேடுவது அதன் அடியிலுள்ள சிறு தகட்டையே. மாதிரியின் பெயரும் தொடரிலக்கமும் அதிலிருக்கும். சிலவற்றிற் பதிவுரிமைத் திகதிகளும் இருக்கும். மேற்சொன்ன 1908 ஆம் ஆண்டுத் திகதியைப் பின்தொடர்ந்து பதிவேட்டைப் புரட்டுவோன் அங்கு காண்பது ஸ்பாங்லரின் பெயரை.

தகடு தேய்ந்துபோயினும் உடல் பேசும். கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும் உலோகச் சட்டங்கள் உருளையில் இருப்பின், அந்த ஹூவர் 1926 க்கு முற்பட்டதன்று. ஹென்றி டிரைபஸ் உருவமைத்த 1936 ஆம் ஆண்டுப் பொறியிலோ பேக்கலைற் மூடியைக் காணலாம். சறுக்குக் கட்டைகளின் மேல் நாய்க்குட்டிபோல் இழுபட்டுவரும் நீள்குழல் வடிவம், சுவீடன் தேசத்து இலெக்ரோலக்ஸ் கம்பனி 1921 இல் வெளியிட்டது. சென். லூயிஸ் நகரத்துத் திரையரங்கொன்றில் ஓர்கன் வாசித்துவந்த ஸ்ரான் கான் என்பவர் இத்தகைய பொறிகளைத் தொலைக்காட்சியில் இயக்கிக் காட்டி, அவை செய்த குறும்புகளால் நாட்டையே சிரிக்கவைத்தார். 2008 இல் மறைந்த அவரைக் கோமாளி என்று தள்ளிவிடுதல் தகாது; பிறர் குப்பையில் எறிந்தவற்றைத் தேடிக் காத்தவர் அவர்.

தொழிற்சாலைகளை நம்பியிருத்தல் இயலாது. ஹூவர் வளர்ந்த வீடு 1978 இல் வரலாற்று நிலையமாகத் திறக்கப்பட்டமை நற்பேறே. மக்கபியின் பொறிகளுள் எஞ்சியவை இரண்டே என்றும், அவற்றுள் ஒன்று அங்குள்ளது என்றும் கூறுவர். ஆனால் அவ்வூர்த் தொழிற்சாலையில் உற்பத்தி 2007 இல் நின்றது. இலண்டனின் மேற்கே பெரிவேலில் 1930களில் எழுந்த எழில்மிகு ஹூவர் மாளிகை நிற்கின்றது. ஆங்கே 1992 இல் திறக்கப்பட்டது பேரங்காடி. ஆலை மூடப்படுங்காற் படங்களும் கணக்கேடுகளும் சிதறுகின்றன. சுருள் சுற்றிய கைகளும் முதுமையெய்துகின்றன. ஆதலாற் கைந்நூல், விலைப்பட்டியல், விற்பனைச் சீட்டு ஆகியவற்றையும் பொறியோடு சேர்த்துக் காப்பவரையே நாம் முழுமையான சேகரிப்பாளர் என்போம். பொறியைப் புதிதுபோற் பளபளக்கச் செய்து, பழைய வர்ணத்தையும் எழுத்தையும் அழித்துவிடுவோரிடம் நமக்கு மதிப்பில்லை.

ஓர் எச்சரிக்கையுங் கூறுவோம். பழைய பொறியின் மின்வடத்தில் துணியுறையின் கீழுள்ள றப்பர் காலப்போக்கில் உலர்ந்து வெடித்திருக்கும். அதனை மின்சாரத்தோடு இணைத்துப் பார்த்தல் உயிருக்கு ஆபத்து. தொழில் தெரிந்தவரைக் கொண்டு புதுவடம் பூட்டுவித்து, கழற்றிய பழைய வடத்தையும் எறியாது, எப்பொறியினது என்று சீட்டெழுதிக் கட்டி வைத்தல் வேண்டும்.