தள்ளிவிடும் காட்சிகளில் என்ன இருக்கிறது?

துப்பறியும் தொடர் ஒன்றை இரண்டாம் முறை பார்ப்பது, யோசித்துப் பார்த்தால், விநோதமான பழக்கம். கொலையாளி யாரென்று தெரியும். எந்தச் சாட்சி பொய் சொல்கிறார் என்று தெரியும். கடைசி அத்தியாயத்தில் யார் முகம் வெளிறப்போகிறது என்பதும் தெரியும். இருந்தும் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது சில காட்சிகளை மட்டும் விரல் நுனியால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். மிகவும் பிடித்த தொடர்களில்தான் இது அதிகம் நடக்கிறது. பிடிக்காத தொடரை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்பதால், தள்ளிவிடப்படும் காட்சி என்பதே ஒரு வகையில் ரசிகரின் தனிச்சொத்து.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள கணியூரில், எனக்குத் தெரிந்தவர்களிடம் சில மாதங்களாக இதைக் கேட்டுவருகிறேன்: ‘திரும்பப் பார்க்கும்போது எந்தக் காட்சியைத் தள்ளிவிடுவீர்கள்?’ பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரிடமும் கேட்டேன். ரத்தம் அதிகமாக இருக்கும் காட்சி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இது கணக்கெடுப்பு அல்ல, வெறும் பேச்சுதான். ஆனால், அந்தப் பதில்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

தள்ளிவிட முடியாத காலம்

1990களில் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. கே.பாலசந்தரின் ‘மின்பிம்பங்கள்’ தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் வந்தபோது, ஒரு வாரம் தவறவிட்டால் அந்தப் பகுதி போனது போனதுதான். அதில் ‘விடாது கருப்பு’ இன்றும் பேசப்படுகிறது. தவறு செய்தவர்களைக் காவல் தெய்வமே குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று நம்பும் ஒரு கிராமம். நிகழ்காலத்துக்கு இணையாகவே சொல்லப்படும் நாயகனின் பிள்ளைப்பருவம். தெய்வத்திடம் தேடிய விடை கடைசியில் மனித மனத்தின் காயத்துக்குள் கிடைப்பது என்று கதை விரியும். குளம்பொலி கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அடுப்படிக்குப் போகலாம். அதைத் தவிர வேறு வழி அன்றைக்கு இல்லை.

பிறகு அதே தொடர் யூடியூபுக்கு வந்தது. அன்று பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தவர்கள் இன்று கைப்பேசியில் பார்க்கிறார்கள். இப்போது குளம்பொலிக்கு யாரும் பயப்படுவதில்லை. நடுத்தர வயதை எட்டிய ரசிகர் ஒருவர் சொன்னது வேறு: “அந்தச் சின்னப் பையன் வர்ற எடத்தத்தான் இப்பப் பாக்க முடியறதில்லீங்க.” முதல் முறை அச்சுறுத்தியது மர்மம், இந்த முறை வலிப்பது, மர்மத்துக்குக் காரணமான பிள்ளைப்பருவம். அந்தச் சிறுவனாக நடித்த லோகேஷ் ராஜேந்திரன் 2022இல் இளவயதிலேயே மறைந்துவிட்டார் என்பது அந்தக் காட்சிகளின் கனத்தைக் கூட்டியிருக்கிறது.

மேசைக்கு அடியில் குண்டு

இந்த மாற்றத்தை ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் ஓர் எளிய உதாரணத்தால் விளக்கியிருக்கிறார். மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குச் சில நொடிகள் அதிர்ச்சி. அதே மேசைக்கு அடியில் குண்டு இருப்பதையும் அது எப்போது வெடிக்கும் என்பதையும் முதலிலேயே காட்டிவிட்டால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சு முழுவதும் பார்வையாளருக்குப் பதற்றமாகிவிடும். காட்சி மாறவில்லை, நமக்குத் தெரிந்திருப்பது மட்டுமே மாறியிருக்கிறது.

துப்பறியும் தொடரின் முதல் பார்வை அதிர்ச்சிக்கானது. இரண்டாம் பார்வையில் எல்லா மேசைகளுக்கு அடியிலும் குண்டு இருப்பது தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு இருவரும் 12 சிறுகதைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். துப்பறியும் கதைகளும் அவற்றில் இருந்தன. முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள், அறியாமல் படித்தவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாகவே ரசித்ததாகக் கண்டார்கள். கோவை ராஜேஷ்குமாரின் நாவலை வாடகை நூலகத்தில் எடுத்துக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. விடை தெரிந்துவிட்டால் மனம் விடையை விட்டு மனிதர்களைக் கவனிக்கத் தொடங்குகிறது. ரசனை கூடுவதும் அதனால்தான். சில இடங்களில் தாங்க முடியாமல் போவதும் அதனால்தான்.

நடிகரின் உடல் சொல்லும் உண்மை

தள்ளிவிடும் காட்சிகளில் ஒரு வகை, கதைக்கு வெளியிலிருந்து வருவது. பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சியில் 1984 முதல் 1994 வரை ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த ஜெரிமி பிரெட் இதற்குத் தெளிவான சான்று. தொடக்க ஆண்டுகளில் அவரது ஹோம்ஸ் சவுக்குபோல் துள்ளுவார். கடைசி ஆண்டுகளில் இதய நோயும், மனநலச் சிகிச்சைக்கான மருந்துகளும் அவர் உடலை மாற்றிவிட்டன. 1994இல் வந்த ஒரு கதையில் அவரால் முழுமையாக நடிக்க முடியாமல் போகவே, ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் துப்பறிவதாகக் கதையையே மாற்றினார்கள். அடுத்த ஆண்டு பிரெட் மறைந்தார். அந்தக் கடைசிக் கதைகளில் ஹோம்ஸ் மூச்சு வாங்கும்போது, அது நடிப்பல்ல என்பது நமக்குத் தெரியும். துப்பு தேட வந்த கண் அங்கே நோயைப் பார்த்துவிடுகிறது.

1989 முதல் எர்க்யூல் புவாரோவாக நடித்த டேவிட் சூஷேவுக்கும் இது தெரிந்திருந்தது. புவாரோ இறக்கும் ‘கர்ட்டன்’ 2013 நவம்பரில் கடைசியாக ஒளிபரப்பானது. ஆனால், இறுதிப் பருவத்தில் முதலில் படமாக்கப்பட்டது அதுதான். கால் நூற்றாண்டு சுமந்த பாத்திரத்தின் சாவோடு தன் வேலை முடிந்துவிடக் கூடாது என்று அவர் விரும்பினார். ரசிகர் அந்தக் கடைசிக் கதையை விட்டுவைப்பதும் அதே மனநிலைதான்.

சாதாரணக் காட்சியின் கொடுமை

இன்னொரு வகைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 2022 ஜூனில் வெளியான ‘சுழல்’ தொடர் இந்தப் பகுதியில் பலரும் பார்த்தது. புஷ்கர் - காயத்ரி எழுத்தில், பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய தொடர். சிமென்ட் ஆலை ஊர், தொழிற்சங்கம், ஆலையில் தீ, மயானக் கொள்ளைத் திருவிழா, அந்த இரவில் காணாமல்போகும் ஒரு பெண். ஆலைச் சங்குக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் பழகியவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது.

நூற்பாலைக்குப் போகும் ஒரு தாய், பெண் வீடு திரும்பவில்லை என்று தெரியவரும் பகுதியைத் தள்ளிவிடுவதாகச் சொன்னார். அவருடைய மகள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் பத்து நிமிடம் தாமதித்தாலே இவர் வாசலுக்கு வந்துவிடுவார். இது எளிதில் புரிகிறது. பவர் டேபிளில் தைக்கும் இன்னொரு பெண் சொன்னதுதான் எதிர்பாராதது. “கடைசியில உண்மையச் சொல்ற எடத்தப் பாத்துருவேங்க. அதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குள்ள எல்லாரும் நல்லாச் சிரிச்சுப் பேசிட்டிருப்பாங்கள்ல, அதத்தான் பாக்க முடியல.”

தொடரை இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்காக முடிச்சை முழுதாக அவிழ்க்க வேண்டாம். குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட ஒரு கொடுமை அதன் மையத்தில் இருக்கிறது. இழைத்தவர் எங்கிருந்தோ வந்தவரல்லர் என்பது மட்டும் இங்கே போதும். முதல் முறை பார்க்கும்போது அந்த வீட்டுக் காட்சிகளில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஒரே அறையில் யார் இருக்கிறார், யார் எழுந்து வெளியே போகிறார் என்பதையெல்லாம் நாம் கவனிப்பதில்லை. துப்பறியும் கதையின் இலக்கணப்படி, துப்பு அப்படித்தான் ஒளித்துவைக்கப்படுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தச் சாதாரணத்தின் ஒவ்வொரு நொடியும் மேசைக்கு அடியில் இருக்கும் குண்டாகிவிடுகிறது. அந்தப் பெண் தள்ளிவிடுவது வன்முறையை அல்ல. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தும் யாருக்கும் தெரியாமல்போன நேரத்தை.

நாம் ரசித்த காட்சிகள்

மூன்றாவது வகைக் காட்சியில் நாமும் பங்காளிகள். ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’யில், கொல்லப்பட்ட வெலோனி என்ற இளம்பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எஸ்.ஜே.சூர்யா நடித்த காவல் அதிகாரி விவேக் அவற்றுக்கு நடுவே உண்மையைத் தேடுகிறார். முதல் பார்வையில் ஒவ்வொரு கதையையும் நாமும் ஆவலோடு கேட்கிறோம். அவளைப் பற்றிய அடுத்த ரகசியத்துக்குக் காத்திருக்கிறோம். அவள் யாரென்று தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால், அந்த ஆவலே உறுத்துகிறது. வம்பு பேசிய ஊரோடு சேர்ந்து நாமும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம் என்பது புரிகிறது.

விசாரணை அறைக் காட்சிகளும் இப்படித்தான். சந்தேக நபரை அடித்து உண்மையை வாங்கும் காட்சி நம் திரைக்கதைகளில் நெடுங்காலமாக வேகத்தைக் கூட்டும் உத்தி. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த பிறகு, அந்தக் காட்சியைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காவல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் தானும் அவற்றைத் தள்ளிவிடுவதாகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார்: “அங்க மியூசிக் போட்டு அடிக்கறாங்க தம்பி. ஸ்டேசன்ல மியூசிக் இருக்காது.”

பார்க்காமல் இருக்கும் உரிமை

தள்ளிவிடுவதைப் பலவீனம் என்றோ, படைப்புக்குச் செய்யும் அவமரியாதை என்றோ சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காட்சியைப் பார்க்க மறுப்பவர் அதை மறந்துவிடவில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நொடிக்கணக்காக நினைவில் வைத்திருக்கிறார். காதில் இயர்போனோடு தையல் எந்திரத்தில் உட்காரும் இளைஞர்களுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. கை துணியில் இருக்கும்போது கைப்பேசியைத் தொட முடியாது. தள்ள நினைக்கும் காட்சி காதுக்குள் ஓடி முடிந்துவிடும். அதனால் எந்த அத்தியாயத்தை எந்த நேரத்தில் போடுவது என்று அவர்கள் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்கிறார்கள்.

இணையவழித் தளங்கள் வயது வரம்பையும், வன்முறை போன்ற உள்ளடக்கம் பற்றிய குறிப்பையும் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் திரையின் மூலையில் சிறிய எழுத்தில் அது தோன்றி மறைகிறது. தமிழ்த் தொடருக்குத் தமிழிலேயே, படிக்கும் அளவு எழுத்தில், போதிய நேரம் அதைக் காட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. முதல் முறை பார்க்கிறவருக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். இரண்டாம் முறை பார்க்கிறவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார்.

திரைக்கு வெளியே நிலைமை வேறு. வீட்டுக்குள் ஒரு குழந்தை திடீரென்று ஒருவர் வந்தால் மட்டும் அறையை விட்டுப் போவதும், ஒரு பெண்ணைப் பற்றி ஊர் புதிதாய் ஒரு கதை சொல்வதும், காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் விடியும் வரை திரும்பாததும் நமக்கு ஒருமுறைதான் காட்டப்படுகின்றன. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களால் இழைக்கப்படுகின்றன. அப்படியொரு குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒவ்வொருவருக்கும் கடமையாக்கியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க, எல்லாம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பவர் டேபிள் ஓட்டும் அந்தப் பெண்ணிடம், அந்த வீட்டுக் காட்சிகளைத் தள்ளிவிட்ட பிறகும் தொடரை ஏன் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாலையில் தன் வீட்டுக்குத்தான் விளையாட வருகிறார்கள் என்றார். முன்பு சமைத்துக்கொண்டே அவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாராம். இப்போது அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு, இடையிடையே வந்து எட்டிப் பார்க்கிறாராம்.