ஜுரமும் இரத்தப் பரிசோதனையும்

மாயாற்றங்கரையில் யானை முகாம் அமைந்துள்ள தெப்பக்காட்டிலும், அதைச் சூழ்ந்த முதுமலைக் கானகத்திலும் வாழும் யானைப் பாகர்கள், வனக் காவலர்கள், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோரில் ஒருவருக்கு ஜுரம் கண்டால், அது சாதாரண ஜுரமா, டெங்குவா, குரங்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் எவரும் கூறிவிட இயலாது. ஆயினும் வியாதி தணியப் போகிறதா, முற்றப் போகிறதா என்பதற்கான குறிப்புகள் சிறிதளவு இரத்தத்திலேயே கிடைக்கின்றன.

காட்டில் பிறந்த வியாதி

1957-இல் சிமோகா ஜில்லாவின் கியாசனூர் வனத்தில் குரங்குகள் மாண்டதை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டதும், உண்ணிக் கடியால் மனிதரைத் தொற்றுவதுமான குரங்குக் காய்ச்சல், 2012-13-இல் முதுமலையை அடுத்த பந்திப்பூரில், இறந்த குரங்குகளைக் கையாண்ட ஊழியர்களைப் பற்றியது; நீலகிரியில் மாண்ட குரங்கிடமும் அவ்வைரஸ் காணப்பட்டது. நோயுற்றோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இதனால் மரணமடைகின்றனர்.

எண்கள் உணர்த்துவது

ஆரோக்கியமான சரீரத்தில், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் சுமார் 4,000 முதல் 11,000 வரையிலும், தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரையிலும் இருக்கும். குரங்குக் காய்ச்சலில் இவ்விரண்டும் குறைய, கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. டெங்குவிலோ, தட்டணுக்கள் சடுதியில் சரியும்போதே சிவப்பணுக்களின் விகிதமாகிய ஹீமட்டோக்ரிட் ஏறுமாயின், இரத்தக் குழாய்களினின்று நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படுகிறதென்று பொருள். முதலில் 36 சதவீதமாக இருந்தது இரண்டு நாளில் 44 ஆகிவிட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. தட்டணுக்கள் இன்னும் லட்சத்தை ஒட்டி நின்றாலும் அது அபாய லட்சணமே.

ஜுரம் தணிந்த பின்னும்

டெங்குவின் கடுமையான கட்டம், பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், ஜுரம் இறங்கும் வேளையிலேயே தொடங்குகிறது. குரங்குக் காய்ச்சலோ, நோயுற்ற பத்துப் பேரில் ஓரிருவருக்கு, ஓரிரு வாரம் ஓய்ந்திருந்து, பின்னர் தலைவலி, நடுக்கம், பிதற்றலுடன் திரும்புகிறது. ஆதலால், ஒரு நாள் பரிசோதனையைக் கொண்டு அஞ்சுவதும் தகாது, ஆறுதல் கொள்வதும் தகாது; மருத்துவர் குறித்த நாள்களில் மீண்டும் பரிசோதித்து, எண்கள் செல்லும் திசையை அறிவதே முறை.

செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் செல்லும்போது, காட்டுக்குள் சென்றதையும், உண்ணி கடித்ததையும், செத்த குரங்கைக் கண்டதையும் மறவாது கூறுங்கள். முந்தைய பரிசோதனைச் சீட்டுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோபென் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கக்கூடியவை. அவற்றைத் தாமாக உட்கொள்ளாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், சீட்டிலுள்ள எண் எதுவாயினும், தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.