சர்க்கரை நோயும் இலையில் விழும் சாதமும்

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் காபியில் சர்க்கரையை நிறுத்திவிடுகிறோம், சாதத்தின் அளவில் கைவைப்பதில்லை. ஆனால் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாக உடைந்துதான் ரத்தத்துக்குள் போகிறது. இரண்டாம் வகை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. போகப்போக அதன் சுரப்பும் குறையும். அதனால் வந்த குளுக்கோஸ் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. மாவுச்சத்தைக் குறைத்து உண்டால் அந்த வரவு குறையும்.

திருச்சிப் பக்கம் இது சுலபமில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் பொன்னி அரிசிக்குப் பேர்போன மண்ணச்சநல்லூர். காலையில் இட்லி, மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சாதம், ராத்திரி தோசை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் வெந்த சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மதியம் மூன்று முறையும் சேர்த்து 400 கிராம் சாதம் சாப்பிட்டால் 112 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் அதைக் ‘குறைந்த மாவுச்சத்து உணவு’ என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

எவ்வளவு குறைக்கலாம்?

2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 23 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. குறைந்த மாவுச்சத்து உண்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தது. மற்ற உணவுமுறைகளில் 31 பேருக்கு. ஒரு வருடம் ஆனபோது இந்த முன்னிலை சுருங்கிவிட்டது. கடுமையான பத்தியத்தைத் தொடர்ந்து கடைப்பிடிப்பது கஷ்டம்.

நம் ஊருக்கு ஏற்ற அளவைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) 2022-இல் கணித்துச் சொன்னன. புதிதாக நோய் கண்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து, 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம். இந்தியர்கள் இப்போது உண்பதில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. ஆக, சாதத்தை அடியோடு விட வேண்டும் என்றில்லை. சாதத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் புரதத்தை வைக்க வேண்டும்.

சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

போதாது. 2025-இல் இதே ஆய்வுக் குழு சொன்ன முக்கியமான செய்தி இதுதான்: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்டவர்களிடம் நோய் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை விட்டுப் பருப்பு, பால், முட்டை வழியே புரதம் சேர்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஏகாதசிக்கு அரிசியை விலக்கி ரவை உப்புமா சாப்பிடும்போதும் சர்க்கரைக் கணக்கு மாறுவதில்லை. மறுநாள் துவாதசிக்குச் சமைக்கும் அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய் போன்றவை மற்ற நாளிலும் இலையில் இடம்பெறலாம்.

மதிய இலையை மாற்றுவது எப்படி?

சாதம் ஒரு கப், அதாவது 150 கிராம். அதிலேயே சாம்பாரையும் ரசத்தையும் முடித்துக்கொண்டு, மோரைத் தனியாகக் குடிக்கலாம். கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி, கீரை மசியல், வாழைத்தண்டுக் கூட்டு ஆகியவற்றைத் தாராளமாகப் போட்டுக்கொண்டு, அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வரலாம். புரதத்துக்குத் தயிர், பனீர், சுண்டல். அசைவம் உண்பவர்களுக்கு முட்டை, மீன். பருப்பிலும் சுண்டலிலும்கூட மாவுச்சத்து உண்டு என்பதால் அளவு முக்கியம்.

காவிரிக்கரை வாழையில் பூவும் தண்டும் தயங்காமல் உண்ணத்தக்கவை. வாழைக்காய், உருளை, சேப்பங்கிழங்கு பொரியலைச் சாதத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். சாதம் குறைந்த ஈட்டுக்கு நெய்யையும் தேங்காயையும் கூட்டிவிடக் கூடாது, இதயத்துக்கு ஆகாது.

மாத்திரையை மறக்காதீர்கள்

சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சாதம் பாதியாகக் குறைந்தது தெரியாவிட்டால் மருந்து பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். டாபாகுளிஃபுளோசின், எம்பாகுளிஃபுளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதல் வகை நோயாளிகள் தாமாக இதில் இறங்கக் கூடாது. மற்றவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை பார்த்துக் குறித்துவைத்தால், எந்தச் சாப்பாடு தமக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பது சில வாரங்களில் தெரியும். பெரும்பாலோருக்கு அது 180-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டி மருந்தளவை முடிவு செய்துகொள்ளலாம்.