பாட்டன் பிறந்த மண்

எண்ணூர் பர்மா நகர்வாசிகளை நோக்கி, நீவிர் எத்தேசத்துப் பிரஜைகள் என்று இன்று எவரும் வினவுவதில்லை. 1962-ல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், உடைமைகளை இழந்து ரங்கூனிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்திறங்கிய தமிழரும் அவர்தம் சந்ததியாருமே இவர்கள். சர்க்கார் இவர்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பெயரிலேயே உரிமையும் அடங்கியிருந்தது.

அதே ரயில் பாதையில் வடக்கே சென்றால் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கை அகதிகள் முகாம். தமிழகத்தின் இத்தகைய முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியார் மலையகத் தமிழர்; தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன நம் குடியானவரின் பேரர்கள். தகப்பன் இலங்கையில் பிறந்தானா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா என்று 1948-ஆம் வருஷத்து இலங்கைச் சட்டம் இவர்களிடம் ருசுக் கேட்டது. லயத்தில் பிறந்தவர் பலரிடம் அக்காகிதம் இல்லை. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் 9,75,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சத்தை 1974-ல் பாதிப் பாதியாக்கினர். மாட்டுச் சந்தையிலும் மாட்டின் முகத்தைப் பார்த்துத்தானே விலை பேசுவார்கள்! 1983-ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தோரிலும் இவர்கள் உண்டு.

நமது அரசியல் சட்டத்தின் 8-ஆவது ஷரத்து என்ன சொல்லுகிறது? பெற்றோரில் ஒருவரேனும், பாட்டன் பாட்டியரில் ஒருவரேனும் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், அயல்நாட்டில் வசிப்பவர் அங்குள்ள நமது தூதரிடம் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. 1955-ஆம் வருஷப் பிரஜாவுரிமைச் சட்டமோ பாட்டனை விட்டுப் பெற்றோரின் பிறப்போடு நிற்கிறது. கடவுச்சீட்டின்றி வந்தவருக்கு அவ்வழியையும் அடைக்கிறது. ஆக, ஷரத்தின் எழுத்தில் பாட்டனின் பெயர் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கே வந்து கேட்டால் செல்லாது! உயிருக்கு அஞ்சி ஓடினவன் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் காத்து நின்றிருக்க வேண்டும் போலும்.

2019-ல் இத்தகையோர் 65 பேரின் வழக்கில், மனுக்களைப் பரிவோடு பரிசீலிக்குமாறு ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை மத்திய சர்க்காருக்குக் கூறிற்று. அவ்வருஷமே வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காள தேசம் ஆகியவற்றிலிருந்து வந்த சில மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயரை அதில் காணோம். 2025 செப்டம்பர் உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனையினின்று விலக்கிற்று. தண்டியாமல் விடுவது வேறு, பிரஜையாக ஏற்பது வேறு என்பதை வக்கீல்கள் சொல்லித்தான் அறியவேண்டுமென்பதில்லை.

நாம் புதிய சலுகை எதையும் யாசிக்கவில்லை. 8-ஆவது ஷரத்தில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் உள்ள இடத்தை 1955-ஆம் வருஷச் சட்டத்திலும் எழுதுக. பூர்விகம் இந்தியாவென்று காட்டுவோரைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்னும் பட்டியலிலிருந்து நீக்குக. மனுக்களை வாங்க, முகாமுக்குள்ளேயே கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் ஒரு மேஜையும் போதும்.