கறுப்புத் தண்ணியும் நம்ம வேலையும்

ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணி. அது ஊர்ப் பேர், இருந்துவிட்டுப் போகட்டும். செம்பனை ஆலையிலிருந்து ஆற்றில் இறங்கும் கறுப்புத் தண்ணியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

ஒரு டன் எண்ணெய் எடுத்தால் சுமார் இரண்டரை டன் கழிவுநீர் வருகிறது. அப்படியே ஆற்றில் விட்டால், அது அழுகும்போது தண்ணியிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும்.

“கெடுபிடி செஞ்சா ஆலையை மூடிடுவாங்க, நம்ம பொழப்பு என்னாவுறது?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நடந்தது வேறு. 1977-இல் அரசாங்கம் விதி போட்டது. கழிவு உறிஞ்சும் பிராணவாயு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1978-இல் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. ஆலைகள் குளம் வெட்டி, கழிவைக் கிருமிகளுக்குத் தின்னக் கொடுத்தன. எண்ணெய் உற்பத்தி குறையவில்லை, பெருகியது!

குளத்தைத் தூர் வாராமல் விட்டால் பழைய கதைதான். ஆறு திடீரென்று கறுத்து நாறினால் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லி, சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அன்றைக்கே தெரிவியுங்கள். மறுநாள் மழை பெய்தால் தடயம் போய்விடும்.