வொர்க் வேறு, லேபர் வேறு

உழைப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களை ஒருபொருட் பன்மொழிகளாக அகராதிகள் அடுக்கிவைத்தாலும், அவற்றுள் ஒவ்வொன்றும் உழைப்பின் வேறொரு பக்கத்தையே காட்டுகிறது. ‘வொர்க்’ என்னும் பழைய ஜெர்மானியச் சொல் செயலோடு, செய்து முடிக்கப்பட்ட பொருளையும் சுட்டுவதால், ஷேக்ஸ்பியரின் படைப்புகளுக்கும் பாலம், கால்வாய் முதலிய பொதுப்பணிகளுக்கும் அதுவே பெயராகிறது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘லேபர்’ விளைவைக் காட்டிலும் உடல் படும் பாட்டையே முன்னிறுத்துவது; பிரசவ வேதனைக்கும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்ட கட்டாய உழைப்புத் தண்டனைக்கும் அது ஒருசேரப் பொருந்தியது அதனால்தான்.

இவ்வேறுபாட்டின் அருமையை நன்கு உணர்ந்தவர் ஏங்கெல்ஸ். மார்க்சின் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் நான்காம் ஜெர்மன் பதிப்பில் (1890) அவர் சேர்த்த அடிக்குறிப்பு, பயன்மதிப்பை, அதாவது ஒரு பொருள் மனிதத் தேவைக்கு உதவும் தன்மையைப் படைப்பது வொர்க் என்றும், அளவால் மட்டுமே கணிக்கப்பட்டு மதிப்பைப் படைப்பது லேபர் என்றும் பிரிக்கிறது. ஜெர்மன் மொழியிலோ இரண்டுக்கும் ‘ஆர்பைட்’ ஒன்றே. 1958இல் ஹன்னா ஆரெண்ட் அதே இணையை வேறு கோட்டில் பிரித்து, உண்டதும் தீர்ந்துபோகும் ரொட்டியை லேபரின் பக்கமும், தலைமுறை தாண்டி நிற்கும் மேசையை வொர்க்கின் பக்கமும் வைத்தார். அன்றாடம் சமைப்பவர்கள் இப்பிரிவினையை எளிதில் ஒப்புவார்களா என்பது ஐயமே.

லத்தீனில் ஒலிவம் பழம் நசுக்கும் சிறு ஆலையின் பெயரிலிருந்து கிளைத்த ‘டாயில்’, ஓய்வற்ற கடும்பாட்டைக் குறிப்பது. எனினும் பேச்சுவழக்கில் அருகிவிட்டது. 1940 மே 13 அன்று சர்ச்சில் இரத்தம், கண்ணீர், வியர்வை ஆகியவற்றோடு அதையும் சேர்த்தே சொன்னார்; மக்கள் நினைவில் மற்ற மூன்றும் தங்க, டாயில் மட்டும் உதிர்ந்துபோயிற்று.

‘ஜாப்’ இதற்கு நேர்மாறாக மேலேறிய சொல். 16ஆம் நூற்றாண்டில் துண்டுதுணுக்கான வேலையைக் குறித்து, 1755இல் ஜான்சனின் அகராதியிலும் அற்பப் பணி என்றே இடம்பெற்ற அது, பின்னர் நிலையான ஊதியம் தரும் பதவிக்கே பெயராயிற்று. பிரிட்டனில் 1910இல் ‘லேபர் எக்ஸ்சேஞ்ச்’ என்று திறக்கப்பட்ட அரசு அலுவலகங்கள், இந்தியாவும் எடுத்துக்கொண்ட ‘எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்து, 1973 முதல் ‘ஜாப்சென்டர்’ ஆயின. முதற்பெயரின்படி அங்கே சரக்கு தொழிலாளியின் உழைப்பு, வாங்க வருபவர் முதலாளி. கடைசிப் பெயரிலோ சரக்கு முதலாளி தரும் இடமாகிவிட, அதைத் தேடி வருபவர் தொழிலாளியாகிறார்.