உப்பைப் பிரிக்கும் குழாய்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குள் போனால், தலைக்கு மேலே பாருங்கள் நேயர்களே. நீராவிக்கு ஒரு குழாய், நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழிவுநீருக்குத் தனியாக ஒன்று.

இந்தக் கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு கதை உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் மீண்டும் திறக்க முடியும் என்ற நிலை வந்தது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போடுவார்கள். கழிவுநீரிலிருந்து அழுக்கை எடுப்பதைவிட அந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. நுண்ணுயிரிகளும் வடிகட்டிகளும் தங்கள் வேலையை முடித்ததும், உயர் அழுத்த பம்புகள் தண்ணீரை மெல்லிய சவ்வுகள் வழியே தள்ளுகின்றன, ஆர்.ஓ. என்கிறோமே, அதுதான். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சும் கெட்டியான உப்புநீரை ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுப்பார்கள். சில இடங்களில் அந்த உப்புநீரே மறுபடி சாயம் போடப் பயன்படுகிறது.

சாதாரண இரும்புக் குழாயை இந்த உப்பு சீக்கிரமே அரித்துவிடும். அதனால் துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக்கும் வேண்டும். தண்ணீரை ஆவியாக்கும் செலவைப் பற்றி முதலாளிகள் புலம்புவதுண்டு; அதில் நியாயம் இல்லாமல் இல்லை.